ஃப்ரீ சோலோ: பாறை ஏறுகிறவர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாறை ஏறுகிறேன் என்று சொன்னால் போதும், "கயிறே இல்லாம ஒருத்தர் ஏறுவாரே, அந்தப் படம் பாத்தீங்களா?" என்று அடுத்த கேள்வி வந்துவிடும். சொந்தக்காரர்கள், அலுவலக நண்பர்கள், ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என்று எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். பார்த்திருக்கிறேன், நான்கு முறை. என்னோடு கயிறு கட்டி ஏறுகிறவர்களோடு அதைப் பற்றி இரவு முழுக்கப் பேசியும் இருக்கிறேன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு எங்கள் பக்கத்திலிருந்து சொல்ல வேண்டியதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில், இது எந்தப் படம்?

2018-ல் வெளிவந்த ஃப்ரீ சோலோ என்ற முழுநீள ஆவணப்படம். எலிசபெத் சாய் வசர்ஹெலியும் ஜிம்மி சின்னும் சேர்ந்து இயக்கியது. கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் எல் கேப்பிட்டன் என்று ஒரு கிரானைட் சுவர் இருக்கிறது. அடியிலிருந்து உச்சிவரை ஏறத்தாழ 900 மீட்டர். 2017 ஜூன் 3 அன்று அலெக்ஸ் ஹானல்ட், அப்போது அவருக்கு வயது 31, அந்தச் சுவரில் ஃப்ரீரைடர் என்ற பாதை வழியாகத் தன்னந்தனியாக, கயிறு இல்லாமல் ஏறினார். விடிகாலை 5:32-க்கு ஆரம்பித்து 3 மணி 56 நிமிடத்தில் உச்சியில் இருந்தார். இதே சுவரை 1958-ல் வாரன் ஹார்டிங் குழு முதன்முதலாக ஏறியபோது, ஒன்றரை வருடத்தில் விட்டுவிட்டு 47 நாள் உழைக்க வேண்டியிருந்தது. அந்த ஏற்றத்தையும் அதற்கு முந்தைய தயாரிப்பையும்தான் படம் காட்டுகிறது. 2019-ல் சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் கிடைத்தது.

அப்போ ஃப்ரீ க்ளைம்பிங் என்றால் கயிறில்லாமல் ஏறுவதா?

இல்லை. படம் வந்த பிறகு எங்களுக்குப் பெரிய தொல்லையாகிப் போன குழப்பம் இது. ஃப்ரீ க்ளைம்பிங்கில் கயிறு உண்டு, அதை உடம்போடு இணைக்க இடுப்பில் மாட்டும் வார்ப்பட்டையான ஹார்னஸ் உண்டு, கீழே ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருப்பார். அவற்றை மேலே போகப் பயன்படுத்தக்கூடாது, அவ்வளவுதான். ஏறுவது கையாலும் காலாலும் மட்டுமே. விழுந்தால் கயிறு பிடித்துக்கொள்ளும். பாறையில் ஆணியோ கொக்கியோ மாட்டி அதில் தொங்கி ஏறினால் அது எய்டு க்ளைம்பிங். கயிறே இல்லாமல், விழுந்தால் உயிர் போகும் உயரத்தில் ஏறுவது மட்டும்தான் ஃப்ரீ சோலோ.

பாறை ஏறுகிறவர்களில் மிக மிகச் சிலர்தான் கடைசியில் சொன்னதைச் செய்கிறார்கள். மற்ற எல்லாரும் கயிற்று முடிச்சை ஒருமுறைக்கு இரண்டுமுறை சரிபார்த்து, பார்ட்னரையும் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் தரையை விட்டுக் காலை எடுப்பார்கள். "நீயும் அப்படித்தான் ஏறுவியா?" என்று என் அம்மா கேட்டபோது வீட்டிலிருந்த கயிற்றை எடுத்துக் காட்டத்தான் முடிந்தது.

படம் பார்க்கும்போது நீங்கள் எந்த இடத்தில் அதிகம் பயந்தீர்கள்?

பாறை ஏறாதவர்கள் உயரத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். கீழே மரங்கள் புல் மாதிரித் தெரியும் காட்சிகளில் தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். எங்களுக்கு உள்ளங்கை வேர்த்தது அதற்கு ரொம்ப முன்பே, பாதையின் கீழ்ப்பகுதியில் வரும் ஃப்ரீபிளாஸ்ட் ஸ்லாபில்.

ஸ்லாப் என்றால் செங்குத்தாக இல்லாமல் கொஞ்சம் சாய்ந்து கிடக்கும் வழவழப்பான பாறை. பார்த்தால் சுலபமாகத்தான் தெரியும். ஆனால் கையால் பிடிக்க அதில் எதுவும் இருக்காது. ஷூவின் ரப்பரை வெறும் கிரானைட்மேல் அழுத்தி வைத்து, உடம்பின் எடையை அதன்மேல் நம்பி ஏற்ற வேண்டும். செங்குத்துப் பாறையில் ஒரு நல்ல பிடி கிடைத்தால் "இது கையில் இருக்கிறது" என்று சொல்ல முடியும். ஸ்லாபில் அப்படிச் சொல்லவே முடியாது. எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் கால் வழுக்கலாம். வெயில் ஏறியிருந்தால், கால் வைத்த கோணம் ஒரு துளி மாறினால், மனது ஒரு நொடி தயங்கி உடம்பைப் பாறையோடு ஒட்டவைத்தால் வழுக்கும். பயந்து பாறையைக் கட்டிக்கொள்வதுதான் ஸ்லாபில் செய்யக்கூடாத காரியம். அப்படிச் சாய்ந்ததும் காலில் எடை குறைந்து பிடிமானம் போய்விடும்.

கயிறு கட்டி ஸ்லாப் ஏறிய ஒவ்வொருவரும் ஒருமுறையாவது எந்தக் காரணமும் தெரியாமல் வழுக்கி, முழங்கையையும் முட்டியையும் சிராய்த்துக்கொண்டு கயிற்றில் நின்றிருப்பார்கள். அந்த வழுக்கல் எங்கள் உடம்புக்கு நினைவிருக்கிறது. ஹானல்டே 2016-ல் கயிறோடு பயிற்சி செய்தபோது ஃப்ரீபிளாஸ்டில் விழுந்து கணுக்காலைக் காயப்படுத்திக்கொண்டார். அதே இடத்தில் கயிறில்லாமல் அவர் கால் வைக்கும்போது என் பக்கத்தில் இருந்த தோழி திரையைப் பார்க்கவே இல்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்வரிசையில் யாரோ பாப்கார்ன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் "கராத்தே உதை" இடம்தானே ரொம்பக் கஷ்டம்?

அசைவுகளை மட்டும் வைத்துச் சொன்னால் ஆமாம், பாதையிலேயே கடினமான இடம் அதுதான். போல்டர் ப்ராப்ளம் என்று பெயர். தரையிலிருந்து சுமார் 600 மீட்டர் மேலே. கட்டைவிரல் மட்டும் அழுத்தும் அளவுக்கு ஒரு சின்ன விளிம்பு, அதில் ஒரு கட்டைவிரலை எடுத்து இன்னொன்றை வைத்து மாற்றிக்கொண்டு, அப்புறம் இடது காலை வீசி எதிர்ச்சுவரில் பதிக்க வேண்டும். அந்தக் கால் எட்ட வேண்டும் என்பதற்காக ஒரு வருடம் தினமும் இரவு உடம்பை வளைக்கும் பயிற்சி செய்ததாக ஹானல்ட் 2018-ல் டெட் (TED) கருத்தரங்க மேடையில் ஆற்றிய உரையில் சொல்லியிருக்கிறார். அங்கே உதைக்குப் பதிலாக ஒரு பிடிக்குத் தாவவும் செய்யலாம். தாவுவதைக் கயிறில்லாமல் யோசித்துப் பார்க்கவே முடியவில்லை என்பதால்தான் உதை.

இருந்தாலும் எங்களில் பலருக்கு இந்த இடம் ஸ்லாபைவிடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அங்கே என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்கு விரல்நுனி வரை மனப்பாடம். பிடித்தால் பிடித்ததுதான்.

ஃப்ரீரைடர் உலகத்திலேயே கடினமான பாதையா?

இல்லை. அமெரிக்க அளவீட்டில் அதன் தரம் 5.13ஏ (எண்ணும் எழுத்தும் கூடக் கூடக் கடினம்). 1998-ல் ஹூபர் சகோதரர்கள் அலெக்ஸாண்டரும் தாமஸும் கயிறோடு அதை முதலில் ஃப்ரீயாக ஏறினார்கள். அதே சுவரில் இருக்கும் டான் வால் என்ற பாதை 5.14டி. கடினம் என்பது வேறு, தவறினால் என்ன ஆகும் என்பது வேறு. ஹானல்டோடு ஏறுகிற டாமி கால்டுவெல் படத்தில் இதைச் சொல்வார்: ஒலிம்பிக் தங்கம் வெல்லும் அளவுக்கான திறமை காட்ட வேண்டும், தங்கம் கிடைக்காவிட்டால் செத்துப் போவோம், அப்படி ஒரு போட்டி. படத்தில் எங்களுக்காகப் பேசிய வாய் அவருடையது என்றே நினைக்கிறேன்.

ஹானல்ட் துணிச்சல்காரரா, பைத்தியமா?

அதிகம் வருகிற கேள்வி. இரண்டு வார்த்தையும் பொருந்தவில்லை என்பதுதான் நான் பேசிய ஏறக்குறைய எல்லாருடைய கருத்தும்.

2008-ல் அதே பள்ளத்தாக்கில் இருக்கும் ஹாஃப் டோம் சுவரை அவர் கயிறில்லாமல் ஏறினார். அதற்கு அவர் சரியாகத் தயார் செய்யவில்லை. உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு ஸ்லாபில் மாட்டிக்கொண்டார். காலை நம்பவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் நின்றார். மேலே, கூப்பிடு தூரத்தில், நடைபாதை வழியாக வந்த சுற்றுலாப் பயணிகளின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் கால் நின்றது, தப்பித்தார். உலகம் அதைச் சாதனை என்று கொண்டாடியது. அவருக்கு மட்டும் உறுத்தல். அதிர்ஷ்டத்தால் தப்பித்த ஏறுநராக இருக்க விருப்பமில்லை, நல்ல ஏறுநராக இருக்க வேண்டும் என்று அந்த டெட் உரையில் இதைப் பற்றிச் சொல்கிறார்.

எல் கேப்பிட்டனுக்கு அவர் செய்த தயாரிப்பை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். கயிறோடு திரும்பத் திரும்ப ஏறினார். ஒவ்வொரு பிடியையும் எந்த விரல், எந்தக் கால், எந்த வரிசை என்று நோட்டில் எழுதினார். மேலிருந்து கயிற்றில் இறங்கி, பெயர்ந்து வரக்கூடிய கற்களை ஒரு பையில் நிரப்பி அப்புறப்படுத்தினார். கால்டுவெலோடு மொராக்கோ போய் நீளமான சுவர்களில் பயிற்சி எடுத்தார். படத்தில் வேனுக்குள் உட்கார்ந்துகொண்டு காற்றிலேயே கையை நீட்டி அசைவுகளை ஒப்பிப்பாரே, அந்தக் காட்சியில் எங்கள் கூட்டத்தில் எல்லாரும் சிரித்தோம். ஒரு பாதையை விரும்பித் தொலைத்த எல்லாரும் பஸ்ஸிலும் படுக்கையிலும் செய்கிற காரியம் அது. அவரை எங்களில் ஒருவராக உணர்ந்தது அப்போதுதான்.

முதல் முயற்சியில் திரும்பி வந்துவிட்டாரே, அது தோல்விதானே?

2016 இலையுதிர்காலத்தில் இருட்டில் ஏற ஆரம்பித்து, ஃப்ரீபிளாஸ்ட் ஸ்லாபில் நிறுத்திவிட்டு இறங்கினார். கணுக்கால் முழுதாகத் தேறவில்லை, காலை நம்ப முடியவில்லை. இவ்வளவு கேமரா, இத்தனை பேர் காத்திருக்கிறார்கள், இத்தனை பணம் செலவாகியிருக்கிறது. அதையெல்லாம் ஒதுக்கி "இன்றைக்கு வேண்டாம்" என்று சொன்னார்.

படத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. உச்சிக்குப் போன காட்சியைவிடவும். நாங்கள் கயிறோடு போகும்போதே, மூன்று மணிநேரம் நடந்து பாறை அடிக்கு வந்துவிட்டோமே என்பதற்காக மழைமேகத்தைப் பார்த்தும் ஏறியிருக்கிறோம். கர்நாடகத்தின் பதாமியில் ஒருமுறை அப்படி ஏறி நனைந்த மணற்பாறையில் தொங்கியது இன்னும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. திரும்பிப் போகத் தெரிந்தவர் என்று காட்டியதற்காகவே இந்தப் படத்தைப் புதிதாக ஏற வருகிறவர்களுக்குப் போட்டுக் காட்டுவேன்.

கேமரா வைத்துப் படமெடுத்தது சரியா?

எங்களுக்குள் இன்னும் முடியாத வாக்குவாதம் இது.

பீட்டர் கிராஃப்ட் 1987-ல் இதே யோசெமிட்டியில் ஆஸ்ட்ரோமேன், ராஸ்ட்ரம் என்ற இரண்டு பெரிய பாதைகளை ஒரே நாளில் கயிறில்லாமல் ஏறினார். படக்குழு எதுவும் கூட இல்லை. கயிறில்லாமல் ஏறுவது ஒருவருக்கும் பாறைக்கும் நடுவிலான விஷயம், அதைப் பார்க்க ஆள் இருந்தால் அது வேறு ஏதோ ஆகிவிடும் என்று அந்தக் காலத்திலிருந்து வரும் ஒரு நம்பிக்கை உண்டு. பார்க்க ஆள் இருக்கும்போது மனிதன் கொஞ்சம் கூடுதலாகத் துணிவான். அந்தக் கூடுதல்தான் கொல்லும்.

இன்னொரு பக்கம், படமெடுத்தவர்கள் யார் என்று பாருங்கள். ஜிம்மி சின் தானே தேர்ந்த மலையேறி. சுவரில் தொங்கிக் கேமரா பிடித்தவர்களும் அனுபவமுள்ள ஏறுநர்கள், ஹானல்டின் நண்பர்கள். ஒரு கல் உருண்டால், ஒரு கயிறு அவர் வழியில் விழுந்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். போல்டர் ப்ராப்ளத்தில் யாரும் இருக்க வேண்டாம் என்று முடிவு செய்து அங்கே தூரத்திலிருந்து இயக்கும் கேமராக்களை மட்டும் வைத்தார்கள். நண்பன் ஃப்ரேமுக்குள்ளிருந்து விழுந்து வெளியே போவதைப் படம் பிடிக்க நேரலாம் என்ற பயத்தை அவர்கள் மறைக்கவில்லை, படத்துக்குள்ளேயே வைத்தார்கள். தாங்களே குற்றவாளிகளாகத் தெரியக்கூடிய காட்சிகளை வெட்டாமல் விட்டதற்கு நேர்மை வேண்டும்.

கீழே புல்வெளியில் நீளமான லென்ஸோடு நின்ற மைக்கி ஷேஃபரை மறக்க முடியாது. கேமரா ஓடிக்கொண்டிருக்கும், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார். அவரும் ஏறுநர்தான். ஹானல்டின் முகத்தைவிட அவர் முகத்தில்தான் நாங்கள் எங்களைப் பார்த்தோம்.

என் கருத்து: இந்தப் படத்தை இவர்களைத் தவிர வேறு யாரும் எடுத்திருக்கக்கூடாது. இவர்கள் எடுத்ததும் முழுக்கச் சரி என்று எனக்கு மனது ஒப்பவில்லை. எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில்தான் நிற்கிறேன்.

காதலி சானி வரும் காட்சிகள் தேவையா?

வந்த புதிதில் ஏறுநர்கள் சிலர் "பாறையைக் காட்டுங்கள், காதலை விடுங்கள்" என்று முணுமுணுத்தார்கள். எனக்கு உடன்பாடில்லை. மலையேறுகிறவர் வீட்டில் காத்திருக்கும் ஆளின் முகத்தை மலையேற்றப் படங்கள் அபூர்வமாகத்தான் காட்டியிருக்கின்றன. சானி மக்கேண்ட்லெஸ் அழுகையை அடக்கிக்கொண்டு வேனில் கிளம்பிப் போகும் காட்சியை என் மனைவி பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் என்னோடு பேசவில்லை. அவர்கள் 2020-ல் திருமணம் செய்துகொண்டார்கள்.

அந்தப் பகுதியில் ஏறுநர்களுக்கு இன்னொரு விஷயம் இருக்கிறது. சானி கயிற்றைப் பிடித்து அவரை இறக்கிக்கொண்டிருந்தபோது கயிறு தீர்ந்துபோய், நுனி, கயிற்றை இறுக்கிப் பிடிக்கும் கருவியின் வழியே நழுவிவிடும். ஹானல்ட் விழுந்து முதுகெலும்பில் அடிபடும். 900 மீட்டர் சுவரில் கயிறில்லாமல் ஒன்றும் ஆகாதவருக்கு, கயிறு கட்டிய ஒரு சின்னப் பாறையில் இது நடந்தது. தப்பு இருவர்மேலும் உண்டு, நுனியில் ஒரு முடிச்சு போட்டிருந்தால் நடந்திருக்காது. படம் முடிந்து எழுந்ததும் என் ஏறுகிற நண்பர் ஒருவர் சொன்ன முதல் வார்த்தை, "கயித்து நுனியில முடிச்சு." அந்த ஒரு வழக்கத்தை நீங்கள் எடுத்துக்கொண்டால் போதும்.

அவருக்குப் பயமே தெரியாது என்று மூளை ஸ்கேனில் வந்ததே?

2016-ல் தென் கரோலினா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் ஜேன் ஜோசஃப் என்ற நரம்பியல் ஆய்வாளர் அவருக்கு எம்ஆர்ஐ எடுத்தார். அதிர்ச்சி தரும் படங்களைக் காட்டியபோது மூளையில் பயத்தோடு தொடர்புடைய அமிக்டலா பகுதியில் பெரிய அசைவு இல்லை. ஏறுநர்களிடையே இந்தக் காட்சிக்கு நல்ல பெயர் கிடையாது. "ஓ, மூளையே அப்படி, அதான் ஏறுறார்" என்று பார்ப்பவர்கள் முடித்துக்கொள்கிறார்கள், பல வருட உழைப்பு பின்னால் போய்விடுகிறது. ஸ்கேன் அறையில் படுத்துக்கொண்டு புகைப்படம் பார்ப்பதும் ஸ்லாபில் கால் வைப்பதும் ஒன்றல்ல. பயம் போகும்வரை ஒரு அசைவைத் திரும்பத் திரும்பச் செய்து பழகுவதாக அவரே சொல்கிறார். பழகப் பழகப் பயம் விலகுவது எங்களுக்கும் சின்ன அளவில் நடக்கிறதுதான்.

இதைப் பார்த்து யாராவது கயிறில்லாமல் ஏறப் போக மாட்டார்களா?

அந்தக் கவலை எங்களுக்கும் இருக்கிறது, படம் வருவதற்கு முன்பிருந்தே. 2014-ல் எனர்ஜி பார் என்ற சத்துத் தின்பண்டம் விற்கும் ஒரு நிறுவனம் ஹானல்ட் உட்பட ஐந்து பேருக்கான ஆதரவை, அவர்கள் எடுக்கும் ஆபத்தைக் காரணம் காட்டி நிறுத்தியது. அப்போதே இந்த விவாதம் கிளம்பிவிட்டது.

கயிறில்லாமல் ஏறிப் பெயர் வாங்கியவர்களின் கணக்கைப் பார்த்தால் நெஞ்சு அடைக்கிறது. டெரெக் ஹெர்சி 1993-ல் யோசெமிட்டியின் சென்டினல் பாறையில் விழுந்து இறந்தார். ஒரு தலைமுறைக்கே வழிகாட்டியாக இருந்த ஜான் பேக்கர் 2009-ல், பல முறை ஏறிப் பழகிய தன் ஊர்ப்பக்கத்துப் பாறையில். டீன் பாட்டர் 2015-ல் யோசெமிட்டியில் விங்சூட் என்ற, காற்றில் மிதந்து செல்ல உதவும் இறக்கை உடை அணிந்து குதித்தபோது. ஹானல்ட் எல் கேப்பிட்டன் ஏறுவதற்கு ஐந்து வாரத்துக்குள், 2017 ஏப்ரல் 30 அன்று, சுவிஸ் மலையேறி ஊலி ஸ்டெக் நேபாளத்தின் நுப்ட்சேயில் இறந்தார். படம் இந்தச் சாவுகளைத் தொடுகிறது, ஆனால் சீக்கிரம் கடந்துவிடுகிறது. நான் குறை சொல்வதென்றால் இதைத்தான் சொல்வேன். அந்தப் பெயர்களோடு இன்னும் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருக்கலாம்.

டான் வால் படமும் பார்த்தேன். எது நல்ல படம்?

இரண்டும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் திரையரங்குகளுக்கு வந்ததால் ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. டான் வால், டாமி கால்டுவெலும் கெவின் ஜோர்கெசனும் அதே எல் கேப்பிட்டனில் 19 நாள் சுவரிலேயே தங்கி, 2015 ஜனவரி 14 அன்று ஏறி முடித்த கதை. கால்டுவெலுக்கு இடது ஆள்காட்டி விரல் பாதி கிடையாது, 2001-ல் ரம்பத்தில் போய்விட்டது. அந்தக் கையோடு.

என்னோடு ஏறுகிறவர்களில் பாதிப்பேருக்கு மேல் டான் வால் கட்சி. அதில் விழுகிறார்கள், விரல்தோல் கிழிகிறது, டேப் சுற்றிக்கொண்டு மறுபடி முயல்கிறார்கள். கெவின் ஒரு பிட்ச்சில், அதாவது பாதையின் ஒரு கயிற்று நீளப் பகுதியில், நாள்கணக்கில் மாட்டிக்கொள்ளும்போது, தனியாக முன்னே போய்விடக்கூடிய டாமி அவருக்காகக் காத்திருக்கிறார். எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் அப்படிப்பட்டவை. விழாத ஏற்றம் எங்களுக்கு அந்நியம். நானும் டான் வால் பக்கம்தான். ஆனால் திரும்பத் திரும்ப நினைவில் வருவது ஃப்ரீ சோலோ.

நடுவில் யூனிகார்ன் உடையில் ஒருவர் வந்தாரே, அது உண்மையா?

உண்மை. பெரிய சுவர்களில் ஏறுகிறவர்கள் வழியில் தங்கித் தூங்குவார்கள். அன்றைக்கு மேலே தங்கியிருந்த ஒருவர் யூனிகார்ன் உடையில் இருந்தார், கயிறில்லாமல் ஒருவர் அவரைத் தாண்டிப் போனார். யோசெமிட்டி அப்படிப்பட்ட இடம்.

படம் பார்த்ததும் எனக்கும் ஏற ஆசை வந்துவிட்டது. என்ன செய்வது?

நல்லது. பக்கத்தில் செயற்கைச் சுவர் இருந்தால் அங்கே போங்கள், கயிறு பிடிக்கவும் முடிச்சு போடவும் தெரிந்தவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். முதல் மாதம் உங்கள் முன்கை வலிக்கும், கால்விரல் அதைவிட வலிக்கும். அப்புறம் படத்தை இன்னொரு முறை பாருங்கள். முதல்முறை உயரம் தெரிந்த இடத்தில் இப்போது அவருடைய கால்கள் தெரியும்.

ஏறி முடித்த பிறகு ஹானல்ட் என்ன செய்தார்?

ரொம்ப மகிழ்ச்சியாக இருக்கிறது என்றார், திரும்பத் திரும்ப அதையே சொன்னார். சானிக்கு ஃபோன் செய்தார். சாதாரண ஆள் என்றால் மத்தியானம் ஓய்வெடுப்பார், நான் விரல் பயிற்சி செய்யப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, அவரது வேனில் மாட்டியிருக்கும் பலகையில் விரல்நுனியால் தொங்கப் போனார்.